பனையும் பொறுமையும்



'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது நம் நாட்டுப் பழமொழி. பனை பூத்துக் காய்ப்பதற்கு ஏறக்குறைய 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும். முதுமையில் விதை ஊன்றியவர் அதன் நுங்கைச் சுவைத்தல் அரிது என்பதே இதன் கருத்து. அவ்வளவு நீண்ட காலம் அம்மரம் என்ன செய்துகொண்டிருக்கிறது? அதனை அறிந்தால் பொறுமையின் இலக்கணமும் நமக்கு விளங்கும்.

ஆவணி, புரட்டாசித் திங்களில் பழுத்து உதிரும் பனம்பழத்தின் கொட்டையை மண்ணில் ஊன்றுகிறோம். அவரையும் பூசணியும் சில நாள்களில் தளிரை மேலே காட்டிவிடும். பனையோ முதலில் கீழ்நோக்கிச் செல்கிறது. கொட்டையினின்றும் குழாய் போன்ற தண்டு ஒன்று புறப்பட்டு, முளைக்கருவைத் தன்னுள் ஏந்தியவாறு மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. கொட்டைக்குள் இருக்கும் கடினமான வெண்பருப்பைத் தவுண் என்னும் பஞ்சு போன்ற உறுப்புக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. அவ்வுணவு திரண்டு கிழங்காகிறது. பொங்கற் காலத்தில் நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு, இளம்பனை தன் பயணத்திற்கென்று கட்டிவைத்த கட்டுச்சோறே ஆகும். இத்தனையும் நிகழும்போது நிலத்தின்மேல் ஓர் இலையும் தோன்றுவதில்லை. விதை பழுதாயிற்றோ என்று ஐயுற்றுத் தோண்டிப் பார்ப்பவன் அதன் வளர்ச்சியையே குலைத்துவிடுவான்.

இலை வெளிவந்த பின்னரும் பனைக்கு விரைவில்லை. வேம்பும் புளியும் உயர்ந்துகொண்டே ஆண்டுதோறும் அடிமரம் பருப்பவை. பனையோ ஒருவித்திலைத் தாவரம். அவ்வாறு ஆண்டுதோறும் பருக்கும் அமைப்பு அதன் தண்டில் இல்லை. ஆதலால், மேலே எழுவதற்கு முன்பே அடித்தண்டை வேண்டிய அளவு அகலமாக்கிக் கொள்கிறது. அதுவரை சில ஆண்டுகள் ஓலைகள் மட்டுமே தரையினின்று விரிந்து நிற்கும். இதனையே வடலி என்கிறோம். பயனற்ற புதர் என்று கருதி அதனை வெட்டுவோரும் கொளுத்துவோரும் உளர். நெடுமரத்திற்கு அங்கே அடித்தளம் அமைந்துகொண்டிருப்பதை அவர் அறியார். நாள்தோறும் படித்தும் பயன் தெரியவில்லையே என்று வருந்தும் மாணவர், இந்த வடலியை எண்ணிப் பார்த்தல் நலம்.

பொறுமையோடு நம்பிக்கையும் வேண்டும். பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பூக்கும்வரை இன்னதெனத் தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. நுங்கை விரும்பிப் பதினைந்து ஆண்டு காத்தவருக்கு ஆண்பனை வாய்த்தலும் கூடும். அவர் உழைப்பு வீணாயிற்றா? ஆண்பனையின் பாளையிலும் பதநீர் இறக்கலாம். ஓலையும் நாரும் மரமும் பயன்படும். அதன் மகரந்தம் இல்லையேல் அண்டையிலுள்ள பெண்பனையும் காய்க்காது. விரும்பியதே விளையும் என்று உறுதி கேட்பவன் பனை வைக்க மாட்டான். நற்செயலில் ஏதேனும் ஒரு நன்மை விளைந்தே தீரும் என்று துணிபவனே வைப்பான்.

பனை, தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு முதன்முதலாக வேளாண்மைக்கெனத் தனியே அளித்த நிதிநிலை அறிக்கையில், 76 இலட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டம் இடம்பெற்றது. ஏரிக்கரைகளில் விதை ஊன்றும் பணியில் மாணவர் பலர் ஈடுபடுவதும் மகிழ்ச்சிக்குரியதே. எனினும், ஊன்றுதல் ஒரு நாள் வேலை. காத்தல் பல்லாண்டு வேலை. கிழங்குக்காகத் தோண்டுவோரிடமிருந்தும், கால்நடைகளிடமிருந்தும், கோடைத் தீயிலிருந்தும் அவற்றைக் காக்க வேண்டும். பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர், தாம் ஊன்றிய இடத்தை அடுத்த வகுப்பினருக்குக் காட்டி, காவலை ஒப்படைத்துச் செல்ல வேண்டும். இவ்வாறு கைம்மாறி வரும் காவலே பொறுமையின் செயல்வடிவம்.

அறுபதைக் கடந்த என்போன்றோர்க்கு அப்பழமொழி மெய்யாகலாம். உங்களுக்கு அது பொருந்தாது. பதினைந்து வயதில் நீங்கள் ஊன்றும் விதை, முப்பத்தைந்து வயதிற்குள் பூத்து நிற்கக்கூடும். வரும் புரட்டாசியில் ஆளுக்கொரு கொட்டையை ஊன்றுங்கள்; ஊன்றிய இடத்தை மறவாதீர்கள்.