தெளிப்பு மருந்தின்றி வீட்டுப் பூச்சிகளைக் கட்டுப்படுத்துதல்

ஆஸ்துமா நோயாளி, கைக்குழந்தை அல்லது படுக்கையில் உள்ள முதியவர் இருக்கும் வீட்டில் பூச்சிமருந்து தெளிப்பது மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். மேலும், தெளிப்பு மருந்து பறக்கும் பூச்சிகளையே கொல்லும். அவை உற்பத்தியாகும் இடம் அப்படியே இருந்தால் சில நாட்களில் புதியவை தோன்றும். எனவே உற்பத்தியாகும் இடத்தை அகற்றுவதே நிலையான தீர்வாகும்.

கொசு

சேலம், நாமக்கல் பகுதிகளில் குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் இடங்களில், தொட்டிகளிலும் குடங்களிலும் நீரைச் சேமிப்பது வழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் காலி செய்ய வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி உலர்த்திய பின்னரே நீர் நிரப்ப வேண்டும். காலி செய்ய இயலாத தொட்டியை இடைவெளியின்றி மூட வேண்டும். பழைய டயர், ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் மழைநீர் தேங்க விடக்கூடாது.

ஏடிஸ் பகலில் கடிக்கும். டெங்கு நோயாளியைக் கடித்த கொசு, பின்னர் வீட்டில் உள்ள பிறருக்கும் நோயைப் பரப்பக்கூடும். எனவே நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் இருப்பது அவசியம்.

ஈ

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகள் மிகுதி. ஈரமான கோழி எருவில் ஈக்கள் பெருகும்; உலர்ந்த எருவில் பெருகுவது அரிது. பண்ணைகளில் நீர்க்குழாய்க் கசிவை உடனே சரிசெய்ய வேண்டும். வீடுகளில் உணவையும் குப்பைக் கூடையையும் மூடி வைக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் கால் புண், படுக்கைப் புண் ஆகியவற்றைக் கட்டுப் போட்டு மூடாவிடில், ஈ முட்டையிட்டுப் புழு உண்டாகலாம்.

கரப்பான் பூச்சி

இதன் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும். இரவில் எச்சில் பாத்திரங்களைக் கழுவாமல் விடக்கூடாது. பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து உலர்வாக வைக்க வேண்டும். சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைக்க வேண்டும்.

எலி

கதவிடுக்கு, குழாய்த் துளை ஆகியவற்றைக் கம்பி வலையால் அடைத்து, கூண்டுப் பொறி வைக்கலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை வீட்டில் வைக்கவே கூடாது. தமிழ்நாட்டில் இதற்குத் தடை உள்ளது. தவறுதலாக உட்கொண்டவருக்கு முதலில் தொந்தரவு குறைவாகவே தோன்றினாலும், சில நாட்களில் கல்லீரல் செயலிழக்கக்கூடும். வாந்தி எடுக்கத் தூண்டாமல், உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக்கசிவு இருப்பின் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் ஆலோசனையின்றி ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை உட்கொள்ளக்கூடாது. டெங்குவாக இருப்பின் இவை இரத்தக்கசிவை அதிகரிக்கலாம்.