பால்வாடி வாசல் - 7: 85 சென்டிமீட்டர்

சுவரில் முதுகு ஒட்டி நிற்க அந்தக் குழந்தைக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறை நழுவி ஓடினாள். மூன்றாம் முறை ஆயா குதிகாலைப் பிடித்துக்கொள்ள, டீச்சர் உயரத்தைப் படித்தார்: 85 சென்டிமீட்டர். எடை 11 கிலோ. வயது சரியாக மூன்று.

"வெயிட் பரவால்லம்மா. உயரம்தான் பத்தல."

"எங்க வீட்ல எல்லாருமே குள்ளம்தான் டீச்சர்" என்று அம்மா சிரித்தார்.

கிழக்குத் தாம்பரத்தை ஒட்டிய குழந்தைகள் மையம் அது. ஊர்வாய்க்கு இன்னமும் பால்வாடிதான். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளின்படி மூன்று வயதுப் பெண் குழந்தை ஏறக்குறைய 95 செ.மீ. இருக்க வேண்டும். 87.4-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியவள். எடைக்கான எல்லை 10.8 கிலோ, அதை இவள் தாண்டிவிட்டாள். தராசை மட்டும் நம்பியிருந்தால் இவளைப் பற்றி யாருமே கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

காய்ச்சலில் இறங்கிய எடை நாலு வாரம் நன்றாகச் சாப்பிட்டால் ஏறிவிடும். உயரம் அப்படியில்லை. கருவிலிருந்து இரண்டு வயதுக்குள் விட்டதைப் பிறகு பிடிப்பது மிகவும் கஷ்டம். அந்த அம்மாவின் குள்ளமும் அவர் கைக்குழந்தையாய் இருந்தபோது கிடைக்காத சாப்பாட்டால் வந்ததாக இருக்கலாம். பரம்பரை என்று சொல்லி நாம் விட்டுவிடுகிறோம்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் இப்படிக் குன்றியவர்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியதிலிருந்து பால்வாடிப் பிள்ளைக்கு மதியச் சோறு உண்டு. இன்று முட்டையும் உண்டு. ஆனால் அந்தத் தட்டு கைக்கு வருவதே இரண்டு வயதுக்குப் பிறகுதான். உலக வங்கி உதவியுடன் 1980-ல் இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதத்திலிருந்தே பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டது. எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு உடனே துணை உணவு கொடுத்தது. அந்தக் கவனம் இன்றைக்கு நம் புறநகருக்குத்தான் அதிகம் வேண்டும் என்பேன்.

தாம்பரம், பல்லாவரம், பெரும்பாக்கம் பக்கம் வீட்டு வேலைக்கும் ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போகிற அம்மாக்கள் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. காலையிலேயே நிரப்பிவிட்டுப் போக முடியாது. தாய்ப்பாலோடு மூன்று நான்கு வேளை கெட்டியாக ஊட்ட வேண்டும். பாட்டிக்கோ மூட்டுவலி. டீயில் நனைத்த பிஸ்கட், அழுதால் அஞ்சு ரூபாய் பாக்கெட். பசி அடங்கிவிடும், ஆனால் வளர்வதற்கு அதில் ஒன்றுமில்லை. மையத்தில் கொடுக்கும் சத்துமாவு கொழுக்கட்டையாகி வீடு முழுக்கப் பங்காகிவிடும். பிள்ளைக்கு ஒரு விள்ளல் கிடைத்தால் உண்டு. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் ஒரு கைக்குழந்தையைத் தனியாகப் பார்ப்பதே பெரும்பாடு.

டீச்சர் அதற்கு மேல் குள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. "தம்பிக்கு எத்தனை மாசம்?" என்றார்.

"எட்டு."

"பகல்ல யாரு ஊட்டுறாங்க?"

"அத்தைதான்."

"நாளைக்கு அத்தைய தம்பியோட வரச் சொல்லும்மா."

மறுநாள் பாட்டி வந்தார். தண்ணியாகக் கரைத்தால்தான் தொண்டையில் இறங்கும் என்றார். டீச்சர் மறுத்துப் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்து, சத்துமாவைக் கிளறி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு இறக்கினார். ஆறியதும் ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். கூழ் வழியவில்லை.

"இந்தப் பதம்தான் பாட்டிம்மா."

முதல் வாயைப் பையன் துப்பினான். பாட்டி முந்தானையால் துடைத்துவிட்டு இன்னொரு வாய் ஊட்டினார். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு விழுங்கினான்.

(தொடரும்)