கடைக்காரர் போட்டுக் காட்டாத படம்

மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு டிவி கடைக்குள் நுழையுங்கள். சுவர் முழுக்க மயில் தோகை விரிக்கும், அருவி கொட்டும். எல்லாம் பென் டிரைவிலிருந்து ஓடும் 4கே படங்கள். அதே டிவியை தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் மாட்டி, கேபிள் பாக்ஸை இணைத்துத் தமிழ்ச் சேனலைப் போட்டால், கீழே ஓடும் செய்தி வரியின் எழுத்தோரங்கள் பிசிறடிக்கும். கிரிக்கெட்டில் பந்து இரண்டாகத் தெரியும். டிவியில் கோளாறு எதுவும் இருக்காது. கடையில் ஓடியது ஒரு வகைப் படம், கேபிளில் வருவது இன்னொரு வகை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் தவணை கட்டப்போகும் ஒரு பொருளை வாங்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கேபிளில் வரும் வகை 1930களில் பிறந்தது. வினாடிக்கு 25 படங்கள் காட்டினால் அசைவு தெரியும், ஆனால் அந்தக் காலத்துப் படக்குழாய்த் திரை கண்ணை உறுத்தும்படி மினுக்கும். 50 முழுப் படங்கள் அனுப்பினால் மினுக்கம் அடங்கும், ஆனால் இரண்டு மடங்கு அலைவரிசை வேண்டும். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டரும், அமெரிக்காவில் ஆர்சிஏவின் ராண்டல் பல்லார்டும் ஒரு வழி கண்டார்கள். முதலில் 1, 3, 5 என ஒற்றைப்படை வரிகளை மட்டும் அனுப்புவது, அடுத்த நொடிப்பொழுதில் 2, 4, 6 என மிச்ச வரிகளை அனுப்புவது. இது இன்டர்லேஸ். எல்லா வரிகளையும் மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் கொடுத்துவிட்டால் புரோகிரஸிவ்.

1972 அக்டோபர் 2 அன்று பம்பாய் தூர்தர்ஷன் தொடங்கியபோதும் இன்டர்லேஸ்தான். 625 வரிகள், வினாடிக்கு 50 பாதிப் படங்கள். நம் வீட்டு மின்சாரமும் வினாடிக்கு 50 அலைவு என்பதால் இந்தக் கணக்கு. 625 என்ற ஒற்றைப்படை எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. பாதிக்கு 312½ வரி வருகிறது. முதல் பாதி ஒரு வரியின் நடுவிலேயே முடிந்துவிடுவதால், அடுத்த பாதி தானாகவே அரை வரி தள்ளி, முன்னது விட்ட இடைவெளிகளில் போய் விழும். இதற்கென்று தனியாக எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பொறியியலில் இவ்வளவு அழகான சிக்கனத்தை நான் அதிகம் கண்டதில்லை.

மும்பையில் 2012 அக்டோபர் 31-க்குப் பிறகு கேபிள் முழுக்க டிஜிட்டலானது, செட்-டாப் பாக்ஸ் கட்டாயமானது. டப்பா டிவிகள் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. இன்டர்லேஸ் மட்டும் போகவில்லை. நம் எச்டி சேனல்களில் பெரும்பாலானவை இன்றும் 1080 'ஐ'. அந்த 'ஐ' இன்டர்லேஸைக் குறிக்கிறது, 'பி' என்றால் புரோகிரஸிவ். ஆனால் எல்இடி திரைக்குப் பாதிப் படம் காட்டத் தெரியாது. எல்லாப் புள்ளிகளும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் திரை அது. ஆகவே உள்ளே இருக்கும் ஒரு சிப், வந்த பாதிகளை வைத்து முழுப் படத்தைத் தயாரிக்க வேண்டும்.

அசையாத காட்சியென்றால் இரண்டு பாதிகளையும் கோர்த்தால் முடிந்தது. ஆனால் வான்கடே மைதானத்தில் மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து, இரண்டு பாதிகளுக்கும் இடைப்பட்ட ஐம்பதில் ஒரு வினாடியில் முக்கால் மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அப்படியே கோர்த்தால் அசையும் பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போல ஆகும். கோர்க்காமல் இருக்கிற வரிகளை வைத்து மிச்சத்தை ஊகித்தால் படம் மழுங்கும். 4கே திரையில் 2160 வரிகள். ஒரு பாதியில் வருவதோ 540. வேகமான அசைவில் நான்கில் மூன்று வரி சிப்பின் ஊகம். நல்ல சிப், படத்தில் எந்த இடம் அசைகிறது, எது நிற்கிறது என்று பிரித்துப் பார்த்து இடத்துக்கு ஏற்ற முறையைக் கையாளும். மலிவான சிப் எல்லாவற்றுக்கும் ஒரே வேலையைச் செய்யும். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் 4கே என்ற எழுத்து இந்தத் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

சினிமா இந்தச் சோதனையில் தப்பித்துவிடுகிறது. படச்சுருளின் ஒரே சட்டகத்திலிருந்து இரண்டு பாதிகளும் எடுக்கப்படுவதால், சரியாகச் சேர்த்தால் முழுப் படம் பழுதின்றிக் கிடைக்கும். பழைய எம்ஜிஆர் படம் நன்றாகத் தெரிந்த டிவியில் கிரிக்கெட் மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். யூடியூபும் ஓடிடி செயலிகளும் புரோகிரஸிவாகவே தருகின்றன. கேபிளே வேண்டாம், மொபைல் டேட்டா போதும் என்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேபிள் பார்க்கும் வீடென்றால் கடையில், "பையா, பாக்ஸ் லகாகே திகாவோ" (அண்ணே, பாக்ஸை மாட்டிக் காட்டுங்க) என்று தயங்காமல் கேளுங்கள். மேட்சோ செய்தியோ ஓடட்டும். உங்கள் வீட்டில் எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்களோ அவ்வளவு தூரத்தில் நின்று பாருங்கள். சின்ன அறையில் திரைக்கும் கண்ணுக்கும் ஆறடிதான் என்றால் குறைகள் பெரிதாகவே தெரியும். ஓடும் எழுத்துகளின் ஓரம், கேமரா திரும்பும்போது ஆடுகளத்தின் வெள்ளைக் கோடு, செய்தி வாசிப்பவரின் புடவையில் மெல்லிய கட்டங்கள் ஆகிய மூன்றும் நடுங்காமல் நின்றால் அந்த டிவியின் சிப்பை நம்பலாம்.

ஏற்கெனவே டிவி வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. செட்-டாப் பாக்ஸின் மெனுவில் வெளியீடு 1080 'ஐ'யா 'பி'யா என்று தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் இருக்கும். 'பி' வைத்தால் கோர்க்கும் வேலையை பாக்ஸ் செய்யும், 'ஐ' வைத்தால் டிவி செய்யும். ஒரே மேட்சை இரண்டிலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்து, கண்ணுக்கு நல்லதாகப் பட்டதை அப்படியே விட்டுவிடுங்கள்.