பழுது பார்த்த ஆயில் எஞ்ஜினில் நீலப் புகை

கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் குடியானவர் ஒருவர், தம் 5 குதிரைச் சக்தி டீசல் எஞ்ஜினுக்குப் புதிய லைனரும் பிஸ்டன் வளையங்களும் போட்டுப் பொருத்தி ஓட்டிய மறுநாளே புகைக் குழாயில் நீலப் புகை எழும்புமாயின், அவர் மனம் கலங்குவது இயற்கையே. உடனே மேஸ்திரியை அழைத்து மறுபடியும் பிரிக்கச் சொல்கிறார். அநேகமாக இது வீண் செலவாகவே முடிகிறது.

முதலில் புகையின் நிறத்தை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். கரும்புகை, உள்ள காற்றில் எரியக்கூடிய அளவுக்கு மேல் டீசல் செல்வதைக் காட்டும். வெண்புகை, டீசல் எரியாமல் வெளியேறுவதையோ சிலிண்டரில் நீர் கசிவதையோ குறிக்கும். நீலப் புகை மசகெண்ணெய் எரிவதனால் உண்டாவது.

பொருத்தும்பொழுது லைனரிலும் பிஸ்டனிலும் தடவிய எண்ணெய் தொடக்கத்தில் எரிந்து புகைவது சகஜம். அன்றியும், பழைய வளையங்கள் தேய்ந்திருந்த காலத்தில் சைலன்ஸரில் ஊறிய எண்ணெய், எஞ்ஜின் சூடேறியதும் புகையத் தொடங்கும். இதை அறியாமல் குற்றமற்ற வளையங்களைப் பழிப்பவர் பலர். சைலன்ஸரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுப் பார்த்தல் நலம்.

அடுத்து, எஞ்ஜின் அடித்தொட்டியில் எண்ணெய் அளவுகோலின் மேற்குறிக்கு மேல் நிற்கிறதா, உள்வாயு வெளியேறும் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் எஞ்ஜின் அதை உறிஞ்சிப் புகையும். இது அபாயமானதுங்கூட; டீசலை நிறுத்திய பின்னரும் அவ்வெண்ணெயையே எரித்து எஞ்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் புகை தணியாவிடில், எஞ்ஜினை ஓட்டிய விதத்தை விசாரிக்க வேண்டும். வாழை பயிரிடும் அன்பர் ஒருவர், புது வளையங்களுக்குச் சிரமம் கொடுக்கலாகாதென்று கருதி, பெல்ட்டை மாட்டாமலே இரண்டு நாள் மெதுவாக ஓட்டினார். புகை நிற்கவில்லை. மீண்டும் வளையங்கள் மாற்றியும் புகைந்தது. நான் சென்று பார்த்தபொழுது லைனரின் உட்புறம் கண்ணாடிபோல் மினுமினுத்தது. வாழையோ நீரின்றித் துவண்டிருந்தது.

இதன் காரணம் யாதெனில், வளையத்தை லைனரோடு அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் அதன் பின்னே புகும் வாயுவின் அழுத்தமேயாகும். சுமையின்றி ஓடினால் அவ்வழுத்தம் குறைவு; வளையம் சரியாகப் படியாது. சுவரில் தங்கும் எண்ணெய் வெந்து, ஹோனிங் செய்த நுண்கீறல்களை மூடிவிடும். அதன்பின் வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. மேற்படி எஞ்ஜினின் லைனருக்கு மீண்டும் ஹோனிங் செய்து, புது வளையமிட்டு, சூடேறியவுடன் பம்பின் சுமை கொடுத்து ஓட்டினோம்; சில நாட்களில் புகை தெளிந்தது. முழுச் சுமையை முதல்நாளே ஏற்றுதலும் தவறு. பாதிச் சுமையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துக.

இரவு முழுதும் நின்ற எஞ்ஜின் காலையில் மட்டும் சற்று நீலமாகப் புகைந்து பின் தெளியுமாயின், வால்வு தண்டின் வழியே எண்ணெய் இறங்குகிறதென ஐயுறலாம். சுமை ஏற ஏறப் புகை மிகுந்து, மூச்சுக்குழாயிலும் வாயு பலமாக வீசினால் வளையத்திலோ லைனரிலோ குறையுண்டு. அப்பொழுது பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிக்கும்பொழுது உடனிருந்து பாருங்கள். எண்ணெய் வழிக்கும் வளையங்களிற் சில, தலைகீழாக மாட்டினால் எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே ஏற்றும். ஆகையால், குறியிட்ட பக்கம் மேலே இருந்ததாவென்று கழற்றுமுன் கவனிக்கச் சொல்லுங்கள். வளையத்தை லைனருக்குள் நேராகத் தள்ளி வாய் இடைவெளியையும் அளக்க வேண்டும். எஞ்ஜினோடு வந்த புத்தகத்தில் அளவு கொடுக்கப்படாவிடில், உள்விட்டம் 4½ அங்குலமானால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 18 பங்கு வரை இருக்கலாம்.