பறப்பின்போது பனித்தடுப்புச் செயலிழப்பு

விமானத்தின் இறக்கை, வால், எஞ்சின் முகப்பு, வேகமறியும் குழாய் ஆகியவற்றில் பனிக்கட்டி படியாமல் காக்கும் அமைப்பு நடுவானில் பழுதாவதோ, இயங்கியும் போதாமற்போவதோ பனித்தடுப்புச் செயலிழப்பு எனப்படும்.

மேகத்திலுள்ள நீர்த்துளிகள் 0 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருக்கக்கூடும். விமானம் மோதியதும் அவை உறைகின்றன. படியும் பனியின் எடையைவிட, இறக்கையின் வடிவம் கெடுவதே பெரிய ஆபத்து. தூக்குவிசை குறையும், இழுவிசை கூடும். உப்புத்தாள் அளவுச் சொரசொரப்பே இதற்குப் போதும்.

ஜெட் விமானங்கள் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றால் இறக்கையின் முன்விளிம்பைச் சூடாக்குகின்றன. டர்போபிராப் விமானங்களில் பெரும்பாலும் முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் உறை காற்றால் உப்பி, படிந்த பனியை உடைத்து உதிர்க்கிறது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் விமானிகள் கையேட்டுப் பட்டியலின்படி சுவிட்சுகளைச் சரிபார்க்கிறார்கள். ஆனால் பழுதுபார்ப்பது இரண்டாவது வேலைதான். பனி படியும் காற்றைவிட்டு உடனே வெளியேறுவதே முதல் வேலை: வெப்பமான கீழடுக்குக்கு இறங்கலாம், மேகத்துக்கு மேலே ஏறலாம், வந்த வழியே திரும்பலாம். கீழே மலை இருந்தால் முதல் வழி அடைபடும்.

விளக்கே எரியாத நிலைதான் இன்னும் கடினம். 1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாபொலிசிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற ஏடிஆர் 72 விமானம் (அமெரிக்கன் ஈகிள் 4184), தரையிறங்க முறை வரும்வரை 10,000 அடி உயரத்தில் வட்டமிட்டது. ரப்பர் உறைகள் இயங்கின. எனினும் பெரிய நீர்த்துளிகள் உறைகளுக்குப் பின்னால் வழிந்து வரப்பாக உறைந்தன. ஆட்டோபைலட்டே விமானத்தைப் பிடித்திருந்ததால் அந்த மாற்றம் விமானிகளின் கைக்குத் தெரியவில்லை. இறங்கத் தொடங்கி இறக்கை மடல்களை உள்ளிழுத்தபோது ஏலரான்கள் தாமே திரும்பின, ஆட்டோபைலட் விடுபட்டது, விமானம் புரண்டது. 68 பேரும் இறந்தனர்.

அதன்பின் ஏடிஆர் விமானங்களின் ரப்பர் உறைகள் அகலமாக்கப்பட்டன. 1996இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் இவ்வகை விமானங்களுக்குப் புதிய விதிகளை இட்டது. கடும் பனியில் ஆட்டோபைலட் கூடாது. பக்கவாட்டுச் சன்னலில் பனி தென்பட்டால் வெளியேற வேண்டும். வெளியே நீட்டிய மடல்களைப் பனி நீங்கும்வரை உள்ளிழுக்கக் கூடாது.

வேகமறியும் குழாய் அடைபடுவது வேறு வகை. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்சு 447 விமானத்தில், சூடேற்றிகளையும் மீறிப் பனிப்படிகங்கள் குழாய்களை அடைத்தன. வேக அளவீடு ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் சரியானது. அதற்குள் மூக்கு அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டிருந்தது. 228 பேர் இறந்தனர். இத்தகைய வேளையில் வேகமானியை நம்பாமல், கையேடு தரும் மூக்குக் கோணத்தையும் எஞ்சின் விசையையும் பிடித்துக்கொள்வதே முறை.

பனியோடு தரையிறங்க நேர்ந்தால் வேகம் கூட்டப்படும். நீளமான ஓடுபாதை வேண்டும். வாலில் பனி இருக்கையில் மடல்களை முழுவதும் இறக்கினால் மூக்கு திடீரெனக் கவிழலாம் என்பதால், பல விமானங்களில் அவை குறைவாகவே இறக்கப்படுகின்றன.