வெப்ப நிலங்களில் ரோசா வளர்ப்பு

வெப்ப நிலங்களில் ரோசா வளர்ப்பு என்பது கோடையில் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேல் செல்லும், உறைபனி விழாத பகுதிகளில் தோட்ட ரோசாக்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் ரோஜா எனப்படும் இச்செடி குளிர்நாட்டுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதி மட்டுமே உண்மை. இன்று தோட்டங்களில் காணப்படும் ரோசாக்கள் பல இனங்களின் கலப்பால் தோன்றியவை. அவ்வினங்களுள் சில உறைபனியைத் தாங்குபவை. சில உறைபனியை அறியாதவை. ஒரு வகையின் முன்னோர் எவை என்பதைப் பொறுத்தே, அது மதுரையிலோ திருச்சிராப்பள்ளியிலோ நிலைத்து வாழுமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. நீர், உரம், கவாத்து ஆகியவை அதற்கு அடுத்த நிலையிலேயே வருகின்றன.

இயற்கைப் பரவல்

ரோசாப் பேரினம் இயற்கையாக வட அரைக்கோளத்தில் மட்டுமே காணப்படுகிறது. தென்னிந்தியாவிலும் இதற்கு ஓர் இனம் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டு ஓரங்களில் வெண்ணிறப் பூக்களுடன் படரும் ரோசா லெசனோல்டியானா என்பதே அது. எனினும் இது மலைச் செடி. சமவெளி வெயிலுக்கு உகந்ததன்று.

வெப்பத்தைப் பொறுத்தவரை வியப்புக்குரிய இனம் ரோசா கிளைனோஃபில்லா ஆகும். கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் ஆற்றங்கரைகள், நீர் தேங்கும் தாழ்நிலங்கள் ஆகியவற்றில் இது வளர்கிறது. ரோசா வேரில் நீர் நிற்கக்கூடாது என்ற பொது விதிக்கே இது விலக்கு. மற்றொன்று ரோசா ஜைகான்டியா. மணிப்பூர், மியான்மர், சீனாவின் யுன்னான் ஆகிய பகுதிகளில் மரங்களின் மேல் ஏறிப் படரும் இதன் பூ, காட்டு ரோசாக்களின் பூக்களுள் மிகப் பெரியது.

இரு வழிமரபுகள்

தோட்ட ரோசாக்களின் வரலாற்றை இரு ஓடைகளாகக் காணலாம். முதலாவது, காலிக்கா, ஆல்பா, தமாசுக்கு முதலிய பழைய ஐரோப்பிய, மேற்காசிய ரோசாக்கள். இவற்றுட் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே பூப்பவை. குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்ந்து, முந்தைய ஆண்டின் தண்டிலிருந்து வேனிலில் பூக்கின்றன. இவற்றைக் குளிர்காலமே இல்லாத ஊரில் நட்டால் செடி தழைத்து வளரும், பூப்பது அரிது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரைச் சுற்றி அத்தருக்காகப் பயிரிடப்படும் தமாசுக்கு ரோசா வெப்பமான சமவெளியில்தானே பூக்கிறது என்று கேட்கலாம். அங்குக் குளிர்காலம் ஒன்று உண்டு. அதன் முடிவில், மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் சில வாரங்களே அது பூக்கிறது.

இரண்டாவது ஓடை சீன ரோசாக்கள். ரோசா சைனென்சிசு என்னும் இனத்திலிருந்து சீனத் தோட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகள் ஆண்டு முழுவதும் மீண்டும் மீண்டும் பூப்பவை. பூத்தலைத் தடுத்து நிறுத்தும் ஒரு மரபணுவின் நடுவே இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதைச் செயலிழக்கச் செய்ததே இதற்குக் காரணம் என 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. தடை நீங்கிய செடி ஒவ்வொரு புதுத்தண்டின் நுனியிலும் பூக்கிறது. அதற்குக் குளிர் தேவையில்லை. இவ்வகைகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றன. ரோசா ஜைகான்டியாவின் கலப்புடைய தேயிலை ரோசாக்கள் 1809, 1824 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தை அடைந்தன. அங்கு அவற்றுக்குக் கண்ணாடி வீடுகள் தேவைப்பட்டன. குளிரைத் தாங்காமை அங்கே குறை; வெப்ப நிலத்தில் அது ஒரு குறையே அன்று.

1867 ஆம் ஆண்டில் பிரான்சில் அறிமுகமான 'லா பிரான்சு' முதல் கலப்பினத் தேயிலை ரோசாவாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பெரும்பூ தரும் இவ்வகுப்பே இன்று கடைகளில் ரோசா என்றதும் நினைவுக்கு வருவது. இதில் இரு ஓடைகளும் கலந்துள்ளன. 1900 ஆம் ஆண்டில் வெளியான 'சொலேய் தோர்' வழியாக மேற்காசிய மஞ்சள் ரோசாவான ரோசா ஃபெட்டிடாவும் இக்கலப்பில் சேர்ந்தது. அதனால் அடர் மஞ்சள், செம்மஞ்சள் நிறங்கள் கிடைத்தன. கூடவே கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் இயல்பும் வந்தது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் மஞ்சள் ரோசா வளர்ப்போர் படும் பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

எட்வர்டு ரோசா

மேற்கூறியதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. மாலை கட்டவும் பூசைக்கும் உதிரிப்பூவாக விற்கப்படும் இளஞ்சிவப்பு நிற, நறுமணமுள்ள எட்வர்டு ரோசா, போர்பன் ரோசா என்னும் வகுப்பைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவின் பழைய பெயர் போர்பன். அத்தீவில் வயல்களுக்கு வேலியாகச் சீன ரோசாவையும், இலையுதிர்காலத்திலும் பூக்கும் தமாசுக்கு ரோசாவையும் நட்டிருந்தனர். இவ்விரண்டும் தாமாகக் கலந்து தோன்றிய செடியைத் தாவரவியலாளர் பிரெயோன் 1817 ஆம் ஆண்டை ஒட்டிக் கவனித்து, அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். தீவில் அதற்கு வழங்கிய எதுவார் என்ற பெயரே ஆங்கில ஒலிப்பில் எட்வர்டு ஆயிற்று. இந்தியாவில் வளரும் எட்வர்டு ரோசா அச்செடியே என்று ரோசா வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். தீவிலிருந்து இந்தியாவுக்கு வந்ததா, இந்தியாவிலிருந்து தீவுக்குச் சென்றதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இச்செடி சீன ரோசாவிடமிருந்து தொடர்ந்து பூக்கும் இயல்பையும், தமாசுக்கு ரோசாவிடமிருந்து மணத்தையும் பெற்றுள்ளது. வெப்பத் தீவு ஒன்றில் எவரும் திட்டமிடாமல் உருவான செடி, இரு நூற்றாண்டுகளாகச் சமவெளிகளில் வாழ்ந்து வருகிறது. முதன்முதலில் ரோசா வளர்க்க விரும்பும் சமவெளி வாசி இதிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும் என்பதும், பூச்சாடிக்கு உதவாது என்பதும் உண்மையே. பன்னீர் ரோசா என்ற பெயர் இதற்கும் தமாசுக்கு வகைகளுக்கும் மாறி மாறி வழங்குவதால், நாற்றுப் பண்ணையில் பெயரை மட்டும் கேட்டு வாங்காமல், ஆண்டு முழுவதும் பூக்குமா எனக் கேட்டறிதல் நன்று. உதிரிப்பூவுக்காகப் பயிரிடப்படும் ஆந்திரா சிவப்பு என்ற வகையும் சமவெளிக்கு ஏற்றது.

பிற தேர்வுகள்

சீன, தேயிலை ரோசாக்களின் வெப்பந்தாங்கும் ஆற்றல் உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டுள்ளது. பெர்முடாத் தீவில் பெயர் மறந்துபோன பழைய தேயிலை ரோசாக்கள் இன்றும் தழைத்து வளர்கின்றன. அமெரிக்காவில் டெக்சாசு ஏ&எம் பல்கலைக்கழகம், பூச்சிமருந்தின்றி எளிய பராமரிப்பில் வளரும் ரோசாக்களைத் தெரிவு செய்து வெளியிட்ட பட்டியலில் 'மியூட்டாபிலிசு' என்ற சீன ரோசாவும், 'டச்சசு டி பிரபாந்து' போன்ற தேயிலை ரோசாக்களும் இடம்பெற்றுள்ளன.

இந்தியாவில் வேளாண் அறிவியலாளர் பெ. பி. பால் தில்லியில் பல புதிய வகைகளை உருவாக்கினார். 'தில்லி பிரின்சசு', 'ரோசு செர்பத்து' ஆகியவை அவருடையவை. இந்திய நிலைமைகளுக்கேற்ற ரோசா வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1966 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோடைக்கானலில் வாழும் வீரு வீரராகவன், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐரோப்பிய முன்னோரை விடுத்து, ரோசா ஜைகான்டியா, ரோசா கிளைனோஃபில்லா ஆகிய இரு காட்டினங்களைக் கொண்டு வெப்ப நாடுகளுக்கென்றே ரோசாக்களை உருவாக்குவதை அவர் தம் பணியாக மேற்கொண்டார். தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைத் தாங்கிய மஞ்சள் ரோசா அவர் உருவாக்கியதே. இவ்வகைகள் சாதாரண நாற்றுப் பண்ணைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

கலப்பினத் தேயிலை ரோசாவே வேண்டும் என்போர் இதழ்கள் மிக அடர்ந்திராத வகைகளையும், கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா வகைகளையும் தெரிவு செய்யலாம். உதகமண்டலத்தின் அரசு ரோசாப் பூங்காவில் பார்த்துப் பெயர் குறித்துக்கொண்டு வந்து சமவெளியில் நடுவது பயன் தராது. அப்பூங்கா 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. விற்பனைக்கு வரும் செடிகள் பலவும் 900 மீட்டர் அளவு உயரமுள்ள ஓசூர், பெங்களூர்ப் பகுதிகளில் வளர்ந்தவை. பெரிய பூவுடன் மார்கழியில் வாங்கிய செடி சித்திரையில் காய்ந்து போவதை வளர்த்தவரின் கைராசி என்று கூறிவிடுகின்றனர். அது இடமாற்றத்தின் விளைவு.

வேர்ச்செடி

பெரும்பாலான ரோசாக்கள் வேறொரு ரோசாவின் வேரின்மீது மொட்டு ஒட்டுக் கட்டி விற்கப்படுகின்றன. மேலே உள்ள வகையைப் போலவே கீழே உள்ள வேர்ச்செடியும் முக்கியமானது. ஐரோப்பாவில் விரும்பப்படும் ரோசா கேனைனா வெப்ப நிலங்களுக்குப் பொருந்தாது. இந்தியாவில் ரோசா மல்ட்டிஃபுளோரா, ரோசா இண்டிகா ஓடொராட்டா, எட்வர்டு ஆகியவை வழக்கில் உள்ளன. நூற்புழு மிகுந்த மணற்பாங்கான புளோரிடாவில் ஃபார்ச்சூனியானா என்ற வேர்ச்செடியே நிலைத்து நிற்கிறது.

ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து தளிர் எழுந்தால் அது வேர்ச்செடியின் தளிர். அதை மண்ணை விலக்கி, தோன்றிய இடத்திலேயே பறித்தெடுத்தல் வேண்டும். மேலோடு வெட்டினால் மீண்டும் எழும். ஒரு பருவம் கவனியாது விட்டால் அதுவே மேலோங்கி, ஒட்டிய வகை மடிந்துவிடும். எட்வர்டும் சீன ரோசாக்களும் குச்சி நட்டாலே வேர் பிடிப்பவை என்பதால் அவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

வெப்பத்தின் விளைவுகள்

வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும்போது மொட்டு விரைந்து விரிகிறது. ஆகவே பூ சிறுத்து, இதழ்கள் குறைகின்றன. சிவப்பு நிறம் தரும் அந்தோசயனின் மிகுவெப்பத்தில் குறைவாக உருவாவதால் நிறமும் வெளிறுகிறது. பகல் வெயிலைவிட வெப்பமான இரவுகளே செடியை மிகுதியாக இளைக்கச் செய்கின்றன. பகலில் இலை உருவாக்கிய உணவை இரவில் சுவாசித்தல் தின்றுவிடுகிறது. சென்னையின் வைகாசி மாதத்து ரோசாப் பூ, தை மாதப் பூவின் பாதி அளவே இருப்பதில் நோய் எதுவும் இல்லை. அதற்காக உரத்தைக் கூட்டுவது கேடு விளைவிக்கும்.

நடவும் நீரும்

நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் ரோசாவுக்குத் தேவை. சமவெளியில் அது காலை வெயிலாக இருத்தல் நலம். பிற்பகல் வெயிலை மறைக்கும் சுவரோ மரமோ மேற்கில் இருப்பது நல்லது. 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழியில் மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்த மண்ணை இட்டு, ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்குமாறு நடவேண்டும். மழைக்காலத்தின் பிற்பகுதி நடவுக்கு ஏற்றது. கோடைக்குள் வேர் ஊன்றிவிடும்.

சற்றே அமிலத்தன்மையுள்ள மண் சிறந்தது. கிணற்று நீர் உப்பாகவோ சுண்ணாம்பு மிகுந்தோ இருந்தால் இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல் போகும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதன் அறிகுறி.

தினமும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, வேர்ப்பகுதி முழுவதும் நனையுமாறு விட்டு, மேல்மண் காய்ந்தபின் மறுபடி விடுதல் வேரை ஆழத்துக்குச் செலுத்தும். வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த இலை ஆகியவற்றால் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு இடுவது கோடையில் செய்யத்தக்க மிகப் பயனுள்ள செயல். தென்னை நார்க்கழிவை இடுவதாயின் முன்னதாக நீரில் அலசி உப்பை நீக்குதல் வேண்டும். மாடித் தோட்டத்தில் கறுப்பு நெகிழித் தொட்டிகள் வெயிலில் சூடேறி வேரை வாட்டுகின்றன. மண்தொட்டி, அல்லது தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு, இதற்கு எளிய மாற்று.

கவாத்து

குளிர்நாட்டு நூல்கள் செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு வெட்டச் சொல்கின்றன. அங்கு உறைபனியால் மடிந்த தண்டை நீக்க வேண்டியுள்ளது. இங்குத் தண்டு மடிவதில்லை. அதிலுள்ள உணவுச் சேமிப்பும் வீணாகக்கூடாது. ஆகவே வலுவான தண்டுகளைப் பாதி அளவுக்குக் குறைத்து, காய்ந்தவற்றையும் ஒன்றோடொன்று உரசுபவற்றையும் நீக்கினால் போதும். சீன, தேயிலை வகைகளுக்கு அதுவும் மிகை. நுனிகளைக் கிள்ளி விடலாம்.

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், பெருமழை ஓய்ந்த நாளொன்றில் கவாத்து செய்வர். ஏறத்தாழ 45 நாட்களில், இரவுகள் குளிர்ந்திருக்கும் மார்கழியில் முதற்பூக்கள் வரும். கத்திரி வெயிலில் கவாத்து கூடாது. தண்டுகளுக்கு நிழல் தரும் இலைகளை அப்போது இழந்தால் பட்டை வெந்து வெடிக்கும். அக்காலத்தில் மொட்டுகளைக் கிள்ளிவிட்டுச் செடியை ஓய்வெடுக்க விடுவது வழக்கம். குளிர்நாட்டு ரோசாவுக்குக் குளிர்காலம் எப்படியோ, இங்கு அதற்குக் கோடை அப்படி.

நோய்களும் பூச்சிகளும்

கரும்புள்ளி நோய்ப் பூஞ்சை முளைக்க, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்கவேண்டும். மாலையில் செடியின் மேல் நீர் ஊற்றுவது இரவு முழுவதும் அதற்கு இடமளிப்பதாகும். எனவே வேருக்கு மட்டும், காலையில், நீர் விடுதல் வேண்டும். வறண்ட கோடையில் நிலைமை தலைகீழாகிறது. இலையின் அடிப்புறத்தில் சிவப்புச் சிலந்திகள் பெருகி இலை வெண்கலநிறமாகும். காலை வேளையில் இலையின் அடிப்புறம் படுமாறு நீரைப் பீய்ச்சி அடிப்பதே அதற்கு முதல் மருந்து.

இந்தியாவில் ரோசாக்களை மிகுதியாக அழிப்பது நுனிக்கருகல் நோய். கவாத்து செய்த வெட்டுவாயில் தொடங்கி, தண்டு மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே இறங்கும். கறுப்புக்குக் கீழே பச்சைத் தண்டு வரை சேர்த்து வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவர். வெட்டிய தண்டின் நடுச்சோறு வெண்மையாகத் தெரியும்வரை வெட்டவேண்டும். பழுப்பாக இருந்தால் நோய் இன்னும் கீழே உள்ளது. அடுத்த செடிக்குச் செல்லுமுன் கத்தரிக்கோலைத் துடைத்துத் தூய்மை செய்தல் இன்றியமையாதது.