அலங்காரத் தாவரங்களிற் கீழ்ப்பூஞ்சண நோய்: தடுப்பும் கட்டுப்பாடும்

அலங்காரத் தாவரங்களின் நோய்கள் உணவுப் பயிர்களின் நோய்களைப் போன்று அவசரமான ஆய்வுப் பொருளல்ல எனக் கருதப்படுவதுண்டு. ஆயினும் பூஞ்செடி வளர்ப்பும் உழைப்பாளர் பலரின் சீவனோபாயமாக அமைந்த ஓர் உற்பத்தித் துறையே. அத்துறையில் மிகுதியாக விற்கப்பட்ட செடியொன்று சில ஆண்டுகளுள் எவ்வாறு வீழ்ச்சியுற்றது என்பதை நோக்கின், நோய்த்தடுப்பு வேறு, மருந்து தெளித்தல் வேறு என்பது புலனாகும்.

கீழ்ப்பூஞ்சண நோயை உண்டாக்கும் உயிரிகள் தோற்றத்திற் பங்கசுக்களை ஒத்தனவாயினும் உண்மையான பங்கசுக்கள் அல்ல. ஊமைசீற்றுக்கள் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த இவை, கபில அல்காக்களுக்கே நெருங்கிய உறவின. பங்கசுக்களின் கலச்சுவரிற் கைற்றின் காணப்பட, இவற்றின் கலச்சுவரிற் செலுலோசு காணப்படுகின்றது. நீரே இவற்றின் உயிர்நாடி. இலைவாய்களினூடாக வெளிவரும் நுண்கிளைகளில் வித்திக்கலன்கள் தோன்றிக் காற்றாலும் நீர்த்துளித் தெறிப்பாலும் பரவுகின்றன. குளிர்ந்த இரவில், இலை சில மணிநேரம் ஈரமாக இருப்பின், புதிய தொற்று நிகழ்ந்துவிடும்.

இந்நோயைத் தூட்பூஞ்சண நோயுடன் மயங்குதல் கூடாது. தூட்பூஞ்சணம் உண்மையான பங்கசினால் உண்டாவது. பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில் வெண்டூளாகப் படிவது. இலை நனையாதபோதும் பரவ வல்லது. கீழ்ப்பூஞ்சணமோ மேற்புறத்தில் மங்கிய மஞ்சள் நிறத்தையே காட்டும். வெண்மையான அல்லது நரைத்த பூஞ்சணத்தைக் காண இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஒன்றுக்குரிய மருந்து மற்றையதற்குப் பெரும்பாலும் பயன்படாது.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இம்பேசியன்சு வல்லெரியானா என்னும் செடியாகும். நமது காசித்தும்பையின் இனத்ததாகிய இச்செடி கிழக்காபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. நிழலிலும் பூப்பதாலும் மலிவாகக் கிடைப்பதாலும் மேலைநாட்டுப் பூங்காக்களில் இது பெருந்தொகையாக நடப்பட்டது. 2003இல் இங்கிலாந்தில் இச்செடியிற் கீழ்ப்பூஞ்சணம் பரவியது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது கொள்ளைநோயாக மாறியது. இலைகளும் பூக்களும் உதிர்ந்து, பாத்திகளில் வெறுந்தண்டுகளே எஞ்சின.

இதற்குக் காரணம் நோயுயிரியின் வலிமை மட்டுமன்று. ஒரே செடி ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் நெருக்கமாக நடப்பட்டது. தொற்றிய செடி சில நாட்களுக்குச் சுகமாகவே தோன்றுவதால், நாற்றுக்களுடன் நோயும் வாணிகப் பாதைகளிற் பயணம் செய்ய முடிந்தது. உதிர்ந்த பாகங்களில் உண்டாகும் தடித்த சுவருடைய முட்டைவித்திகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ வல்லன.

மருந்தை மட்டும் நம்பியதன் விளைவும் கவனத்திற்குரியது. 1977இல் அறிமுகமான மெற்றலாட்சில் ஊமைசீற்றுக்களுக்கு எதிராகப் பெரும்பயன் தந்தது. ஆனால் அதனைத் தனித்துத் தொடர்ந்து தெளித்தபோது, அதனாற் சாகாத சில உயிரிகளே பெருகின. 1980இல் அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கு வெளிறல் நோயில் இவ்வெதிர்ப்பு வெளிப்பட்டது. 2011இல் இங்கிலாந்தில் இம்பேசியன்சின் நோயுயிரியிலும் அதுவே காணப்பட்டது.

ஆகவே தடுப்பு முறைகளே முதன்மை பெறல் வேண்டும். புதிய நாற்றுக்களைத் தனியே வைத்து, இலைகளின் கீழ்ப்புறத்தைப் பரிசோதித்த பின்னரே ஏனையவற்றுடன் சேர்த்தல் வேண்டும். நீரை மேலிருந்து தெளிக்காது, காலை வேளையில் அடியில் ஊற்றுதல் நன்று. மாலையில் நனைந்த இலை இரவு முழுவதும் உலராது. செடிகளுக்கிடையே காற்றோட்டத்திற்குப் போதிய இடைவெளி விடுதல் வேண்டும். கண்ணாடிமனைகளில் அந்திவேளையில் ஈரக்காற்றை வெளியேற்றுதல் அவசியம்.

நோய் கண்டவிடத்துச் செடியை வேருடன் பிடுங்கி, உதிர்ந்த இலைகளையும் சேர்த்துப் பையிலிட்டு அகற்றுதல் வேண்டும். அவற்றைக் கூட்டெருக் குவியலில் இடுதல் தகாது. அப்பாத்தியிற் சில ஆண்டுகளுக்கு வேறின மலர்களை நடுதல் பொருத்தமானது. மருந்துகள் நோய்வருமுன் காப்பனவேயன்றி, உதிர்ந்த இலைகளை மீட்பனவல்ல. பயன்படுத்த நேரின், வெவ்வேறு முறையிற் செயற்படும் மருந்துகளை மாறிமாறிப் பயன்படுத்துதல் வேண்டும்.

நியூகினி இம்பேசியன்சு இந்நோயைப் பெரிதும் எதிர்த்து நிற்பதாகும். 2020ஆம் ஆண்டளவில் வல்லெரியானாவிலும் எதிர்ப்புத்திறனுள்ள வருக்கங்கள் சந்தைக்கு வந்தன. ஆனால் அவற்றையும் ஒற்றைப் பயிராக எங்கும் பரப்புவோமாயின், மெற்றலாட்சிலுக்கு நேர்ந்த கதி அவற்றுக்கும் நேரலாம். செடியை மாற்றினாற் போதாது. அதனை வளர்க்கும் முறையையும் மாற்றுதல் வேண்டும் என்பதே இவ்வனுபவம் நமக்குணர்த்தும் உண்மையாகும்.